சாப்பிடத்தான் கூடினார்கள்

பெயர் என்னவோ சாப்பாட்டு கிளப்தான். ஆனால் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ப்ராஸ்பெக்ட் அவென்யூவில் வரிசையாக நிற்கும் மாளிகைகளை 'மெஸ்' என்று சொல்ல நாக்கு கூசும். தொடக்கம் மட்டும் அசல் மெஸ் கதை. 19-ஆம் நூற்றாண்டில் கல்லூரியில் ஒழுங்கான சாப்பாடு கிடைக்காத மாணவர்கள், கூட்டாகச் சேர்ந்து ஊருக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்படி 1879-இல் பிறந்தது ஐவி கிளப். மற்றவை பின்னால் வந்தன.

சோறு சீக்கிரமே இரண்டாம்பட்சமாகிவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவர்களை அழைத்துப் பேசி, விளையாடவிட்டு, அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு யாரைச் சேர்ப்பது என்று உறுப்பினர்கள் விவாதிப்பார்கள். இந்தச் சடங்குக்கு 'பிக்கர்' என்று பெயர். நம்மூர் பெண் பார்க்கும் படலம் தேவலை. 1958-இல் எந்த கிளப்பும் சேர்த்துக்கொள்ளாமல் விட்ட 23 பேரில் பாதிக்கு மேல் யூதர்கள்.

பல்கலைக்கழகத் தலைவராக இருந்த உட்ரோ வில்சன், பின்னாளில் நாட்டுக்கே ஜனாதிபதியானவர், 1907-இல் கிளப்களுக்கு மாற்றாகப் பொது விடுதிகள் கொண்டுவர முயன்றார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். திட்டம் படுத்துவிட்டது.

அவரால் முடியாததை ஒரு மாணவி ஓரளவு முடித்தார். 1969-இல் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்த பிறகும் ஐவி, காட்டேஜ், டைகர் இன் மூன்றும் ஆண்களுக்கு மட்டுமே என்றன. 1979-இல் சாலி ஃபிராங்க் புகார் கொடுத்தார். "நாங்கள் தனியார்" என்றன கிளப்கள். காட்டேஜ் 1986-இல் இறங்கி வந்தது. பல்கலைக்கழகத்தோடு பின்னிப்பிணைந்த கிளப்கள் தனியார் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 1990-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியாக 1991-இல் டைகர் இன்னிலும் பெண்கள் நுழைந்தார்கள்.

பெயர் கொடுத்தாலே சேர்த்துக்கொள்ளும் கிளப்களும் அதே தெருவில் உண்டு. ஐவிக்குள் போக மட்டும் பிக்கர்தான் வழி.