தொலைவாசலின் தாழ்ப்பாள்

ஓரிடத்தில் அமர்ந்தபடியே வேற்றூரில் இருக்கும் கணிப்பொறியைத் திறந்து வேலை வாங்கும் வித்தை, பிறந்த அன்றே இடறி விழுந்த வித்தையாகும். 1969 அக்டோபர் 29ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், வடக்கே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்திலிருந்த கணிப்பொறிக்குள் நுழைய முயன்றார். மறுமுனையில் பில் டுவால் என்பவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ‘லாகின்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘எல்’ போய்ச் சேர்ந்தது. ‘ஓ’வும் சேர்ந்தது. அடுத்த எழுத்தைத் தட்டியபோது அங்கிருந்த பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே புக முடிந்தது.

அந்த இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. எந்த எழுத்தில் வழி அடைபட்டது என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்துகொண்டார்கள். நமக்கோ திரையில் ஒரு வாசகம் தோன்றுகிறது, அவ்வளவே. விண்டோஸ் கணிப்பொறியில் ரிமோட் டெஸ்க்டாப் என்னும் ஏற்பாடு நம்மைத் திருப்பியனுப்பும்போது மூன்று காரணங்களை ஒரே மூச்சில் அடுக்கும்: அங்கே தொலைநுழைவு அனுமதிக்கப்படவில்லை, அல்லது அந்தப் பொறி அணைந்திருக்கிறது, அல்லது அது வலைப்பின்னலில் இல்லை. இம்மூன்றில் எது என்பதை அது சொல்வதில்லை. ‘வீட்டில் ஆள் இல்லை, அல்லது உறங்குகிறார், அல்லது உமக்குக் கதவு திறக்க விருப்பமில்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லும் வாயில்காப்போனை என்னவென்பது!

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது நான் காயல்பட்டினத்தில் இருந்தேன். எங்கள் கடையோ 600 கிலோமீட்டருக்கும் அப்பால், சென்னை மண்ணடியில். கடையில் வேலை பார்த்த எட்டுப் பேரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டனர். மாதம் முடிந்து சம்பளம் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. வேலை செய்த நாள்கள், மேல்நேரம், வாங்கிய முன்பணம், வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் கடையின் மேசைக் கணிப்பொறிக்குள் இருந்தன. சுமை தூக்குவோர் இருவருக்கு நாட்கூலிக் கணக்கு. அவர்களிடமே கேட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். முன்பணம் எவ்வளவு வாங்கினாய் என்று, அடுப்பெரியுமோ எரியாதோ என்றிருப்பவனிடம் தொலைபேசியில் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. ஏப்ரல் 25ஆம் நாள் ரமலான் நோன்பு தொடங்கவிருந்தது. அதற்கு முன் எட்டு வீட்டிலும் பணம் சேர்ந்தாக வேண்டும்.

ஷார்ஜாவில் கணிப்பொறிப் பணியிலிருக்கும் என் ராத்தா மகன், முன்னாண்டு விடுமுறையில் வந்தபோது கடையின் மோடத்தில் வி.பி.என். என்னும் மறைவழி ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தான். வெளியிலிருந்து வருபவர் முதலில் அவ்வழியே கடைக்குள் வந்து, பிறகுதான் கணிப்பொறியின் கதவைத் தட்ட முடியும். அன்று அவ்வழி உடனே திறந்தது. கணிப்பொறி மட்டும் திறக்கவில்லை.

தொலைபேசியில் மருமகன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “மாமா, கடவுச்சொல்லை இப்போது தொடவே வேண்டாம். மறைவழி திறக்கிறதென்றால் கடையில் மின்சாரமும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. கோளாறு கடைக்கு உள்ளேதான்.” ஒரே வாக்கியத்தில் பாதிச் சந்தேகங்கள் கழிந்துவிட்டன. நம்மில் பெரும்பாலோர் கடவுச்சொல்லில்தான் தொடங்குகிறோம். அதுவோ கடைசி வாசல். முன்வாசல்களைக் கடக்காதவரிடம் அது கேட்கப்படுவதே இல்லை.

கட்டடத்திலேயே தங்கியிருந்த காவலர் பெரியவரை அழைத்தேன். “திரை கறுத்துக் கிடக்கிறது தம்பி. பெட்டியில் ஒரு பொட்டு விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது” என்றார். பொறி அணையவில்லை, உறங்குகிறது. நெடுநேரம் எவரும் தொடாவிட்டால் தானே உறங்கும்படி அது அமைந்திருந்தது. உறங்கும் பொறி வெளியார் அழைப்பைக் கேளாது. பலகையில் ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். திரை விழித்தது. ஆனாலும் எங்களுக்கு அதே வாசகம்தான் வந்தது.

இப்போது மருமகன் மோடத்தின் பட்டியலைத் திறக்கச் சொன்னான். வீட்டிலோ கடையிலோ உள்ள ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் இலக்கத்தை வழங்குகிறது. அது வாடகைக்கு விட்ட அறை போன்றது. தவணை முடிந்தாலோ மின்சாரம் போய் வந்தாலோ மாறக்கூடும். ஐந்தாம் இலக்கத்தில் இருந்த எங்கள் பொறி ஏழாம் இலக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. நாங்கள் ஆளில்லாத அறையைத் தட்டிக்கொண்டிருந்தோம். புது இலக்கத்தைக் கொடுத்ததும், ஒருவழியாகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கட்டம் தோன்றியது.

கணக்குப்பிள்ளையை அழைத்துக் கேட்டேன். “நாலு எண்தான் காக்கா” என்று உடனே சொன்னார். அது செல்லவில்லை. இதன் காரணத்தைப் பலரும் அறியார். நாள்தோறும் நாம் தட்டும் ‘பின்’ எண் அந்தப் பொறிக்கு மட்டுமே உரியது. அதன் முன்னால் அமர்ந்திருப்பவருக்கே அது பயன்படும். தொலைவிலிருந்து வருபவரிடம் முழுக் கடவுச்சொல் கேட்கப்படும். இரண்டாண்டுகளாக நாலு எண்ணிலேயே காலம் கழித்த கணக்குப்பிள்ளைக்கு அந்தச் சொல் மறந்தே போயிற்று. யூகித்து யூகித்துத் தட்டினால் கணக்கே சிறிது நேரம் பூட்டப்படலாம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை, விவரமறிந்த அண்டை வீட்டு அன்பர் ஒருவர் இரு குறுக்குவழிகளைச் சொன்னார். மோடத்தில் 3389 என்னும் வாயிலை உலகுக்கே நேராகத் திறந்து வைப்பது ஒன்று. அலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, காவலரிடம் எண்ணைப் படிக்கச் செய்வது மற்றொன்று. இரண்டாலும் கடவுச்சொல் நினைவுக்கு வரப்போவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கடவுச்சொல்லே இன்றி உட்புகக்கூடிய ஓட்டை இருப்பது தெரிந்து, 2019 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ஐந்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் சேர்த்துத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. செயலியின் கதையும் சிறிதன்று. தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் செய்து, திரையில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி வங்கிப் பணத்தைக் களவாடுவோர் பற்றி, அதே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, முதியவர்கள் மட்டும் அலைபேசியோடு தனித்திருக்கும் நம் வீடுகளில் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வைப்பது நல்லது. அந்த எண்ணைச் சொல்வதும் வீட்டுச் சாவியை நீட்டுவதும் ஒன்றே. மருமகனும் நானும் இரு வழியையும் மறுத்தோம்.

மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் கணக்குப்பிள்ளை அழைத்தார். கடவுச்சொல் நினைவுக்கு வந்துவிட்டது. மூத்த மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டுமாம். (அதுவும் நல்ல கடவுச்சொல் அன்று என்பதை அப்போது சொல்ல மனம் வரவில்லை.) அதையும் பொறி ஏற்க மறுத்தது! வெறும் பெயரைக் கொடுத்தால், எந்தப் பொறியின் கணக்கு என்பதில் குழப்பம் நேர்வதுண்டு. மருமகன் சொன்னபடி, கடைப்பொறியின் பெயரை முதலில் எழுதி, ஒரு சாய்கோடிட்டு, அதன்பின் பயனர் பெயரை எழுதினேன். கதவு திறந்தது. மண்ணடிக் கடையின் திரை, பாதியில் விட்ட கணக்கேட்டோடு என் மடியில் விரிந்தது.

அன்று லுஹருக்குள் எட்டுப் பேருக்கும் பணம் அனுப்பியாயிற்று.

இப்போது எங்கள் பொறிக்கு மோடத்தில் ஐந்தாம் இலக்கமே நிலையாக எழுதி வைக்கப்பட்டுள்ளது. கடவுச்சொல் மாற்றப்பட்டு, அரக்கு வைத்த உறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பொறி உறங்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிட்டோம். இரவெல்லாம் அது விழித்திருப்பதால் மின்கட்டணம் வீணாகிறது என்று காவலர் பெரியவர் மாதந்தோறும் முறையிடுகிறார். கணக்குப் பார்த்ததில், அவர் சொல்வதும் உண்மைதான்.