காடையும் நீலமும்

ஆடி ஞாயிறு. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி வேப்பிலை வாசம், விறகுப் புகை. வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தவர்கள் பொங்கலிட்டு, கோழி அடித்து, ஆரணி ஆற்றுப் பக்கம் குழம்பு கொதிக்கவிட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டியில் மாங்காய் விழுந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாம்பழம் விழுந்தால் பெரியம்மா கரண்டியை ஓங்குவாள். கறிக்குப் புளிப்பு ஆகும், இனிப்பு ஆகாது!

*

ஈரானில் கோழியை மாதுளைச் சாற்றில் வேகவைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாத்துக்கு ஆரஞ்சு சேர்க்கிறார்கள். இரண்டிலும் இனிப்பு தனியாக வருவதில்லை, புளிப்போடுதான் வருகிறது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

*

அப்படிப் புளிப்போடு சேர்த்து மாம்பழத்தைக் காடைக்குப் பூச்சாகப் போடலாம். கடையில் கிடைப்பது ஜப்பானியக் காடை. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்து இஜத்நகருக்கு வந்தது. நம் கால்நடைப் பல்கலைக்கழகம் பிறகு 'நந்தனம் காடை' ரகங்களை உருவாக்கியது. 5 வாரத்தில் ஏறக்குறைய 200 கிராம், கறிக்குத் தயார். காட்டுக் காடையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

*

கடைக்காரர் கேட்காமலே தோலை உரித்துவிடுவார். "தோலோட குடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழப் பூச்சு பிடிப்பதே தோலில்தான். தோலில்லாத காடையின் நெஞ்சுக்கறி கல்லில் போட்டதும் வறண்டு நார்நாராகிவிடும்.

*

பழம்: நீலம் மாம்பழம். ஆடி பிறக்கும்போது பங்கனபள்ளி ஓய்ந்திருக்கும், வண்டியில் மிஞ்சுவது இதுதான். ஒரு பழத்தின் சதை, கெட்டிப் புளிக்கரைசல் ஒரு கரண்டி, மிளகாய்த்தூள், உப்பு, தாராளமாக மிளகு. கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்வரை சுண்டவேண்டும். பழம் சப்பென்றிருந்தால் மட்டும் துளி வெல்லம்.

*

காடையின் முதுகெலும்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, விரித்து, உள்ளங்கையால் நெஞ்சை அழுத்தினால் 'நறுக்'கென்று தட்டையாகும். இஞ்சி பூண்டு, உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி. இரும்புக் கல்லில் நல்லெண்ணெய். எலும்புப் பக்கம் முதலில், பிறகு தோல்.

பூச்சு கடைசி 3, 4 நிமிடத்துக்குத்தான். முன்னாலேயே தடவினால் கறி வேகுமுன் பழத்தின் சர்க்கரை கருகிக் கசக்கும். நெடுஞ்சாலை கிரில் கடைகளில் இந்தக் கரிக்குத்தான் 'தந்தூரி' என்று காசு வாங்குகிறார்கள். மெல்லிசாக ஒரு கை, அது பளபளத்ததும் இன்னொரு கை.

*

பிரியாணிக்குத் துணையாக வேண்டாம், மசாலா பழத்தை அமுக்கிவிடும். வெறும் சோறு, ரசம், ஆளுக்கு இரண்டு காடை.