காக்கா எத்தனை?

பொங்கல் என்றால் கரும்பு, வாசல் கோலம், டிவியில் பட்டிமன்றம். இந்தப் பட்டியலில் 2015-லிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. அந்த விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள், வாத்தியார்கள், நம்மைப் போன்ற கல்லூரி மக்கள் எல்லாம் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள்.

வேலை ரொம்பச் சுலபம். மொட்டை மாடியோ, தெருவோ, குறைந்தது 15 நிமிஷம். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணி 'இ-பேர்டு' தளத்தில் ஏற்ற வேண்டும். (அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கியது. காசு கிடையாது!)

இதைச் சொன்னதும் என் நண்பன் கேட்டான்: "அபிராமபுரத்துல காக்காவைத் தவிர என்னடா இருக்கு? பள்ளிக்கரணைக்குப் போனா பூநாரையாவது பாக்கலாம்."

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வேலையின் சூட்சுமமே காக்காவில்தான் இருக்கிறது. பட்டியலை ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆகிவிடுகிறது. காக்கா 12, மாடப்புறா 20, மைனா 4, கிளி 6, அவ்வளவுதான் என்றால் அன்றைக்கு அங்கே குருவி கண்ணில் படவில்லை என்று அர்த்தம். நூறு பட்டியலில் எத்தனையில் குருவி இருந்தது என்று வருஷா வருஷம் பார்த்தால், அது கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். பூநாரையை மட்டும் எழுதிவிட்டுக் காக்காவை விட்டால் இந்தக் கணக்கே போட முடியாது.

குருவி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் டவர்தான் குருவிகளைக் கொன்றது என்று ஊரே பேசியது. 2018-ல் '2.0' என்று படமே வந்துவிட்டது :-) இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்து 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை சொன்னது வேறு. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது; சென்னை மாதிரிப் பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. டவர் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சியும், கூடு கட்ட இடமும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்றது. 2023-ல் வந்த அடுத்த அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகள் உதவின. 942 இனங்களைப் பற்றிப் பேசியது அது. பதிவு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை.

"போட்டோ சட்டத்துக்குப் பின்னாடி குருவி கூடு கட்டும்" என்று என் பாட்டி இப்போதும் சொல்வார். எந்த வருஷத்தோடு நின்றது பாட்டி என்றால் அவருக்குத் தெரியாது. யாரும் எழுதிவைக்கவில்லையே!

இன்றைக்கு எங்கள் தெருவில் தோட்டம் வைத்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகின்றன. மாமரங்களும் அதோடு போகின்றன. அங்கே கூவும் குயிலும் கத்தும் செம்போத்தும் எப்போது போயின என்று பிற்பாடு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டாமா? அடையாறு முகத்துவாரத்துக்குக் கேமராவோடு ஆள் போவார்கள். எங்கள் தெருவுக்கு நாங்கள்தான் போகவேண்டும். உங்கள் தெருவுக்கு நீங்கள்.

பொங்கல் வரை காத்திருக்க வேண்டியதில்லை, வருஷம் முழுக்க ஏற்றலாம். பெயர் தெரியாததை விட்டுவிடலாம், தப்பில்லை. முதல் பாடம் இதோ: கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம், உடம்பு முழுக்கக் கறுப்பென்றால் அண்டங்காக்கை. நாளைக் காலை மாடிக்குப் போய்ப் பாருங்களேன், எது எத்தனை என்று.