தாமதமும் தாளமும்

விரைவு வேண்டுமாயின் வழியை அகலமாக்க வேண்டும் என்பது உலக வழக்கு. வீதிக்கும் வாய்க்காலுக்கும் பொருந்தும் இவ்விதி, செய்தி செல்லும் கம்பிக்குப் பொருந்துவதில்லை.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு வடங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். ஒன்று, பழைய கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றிய அகன்ற பட்டை வடம்; அதில் 80 கம்பிகள். மற்றையது, அதன் இடத்தைப் பின்னர் பிடித்துக்கொண்ட ‘சீரியல் ஏ.ரி.ஏ.’ வடம், அதில் ஏழே கம்பிகள். முன்னையது செக்கனுக்கு 133 மெகாபைற்றுக்கு மேல் சுமக்க இயலாது ஓய்ந்தது. பின்னையதோ 600 மெகாபைற்று வரை சுமக்கின்றது. “பலர் சுமந்ததை ஒருவன் சுமந்தால் வேகம் கூடுமோ, சேர்?” என்றான் அவன்.

நல்ல வினா. இதன் விடைக்கு முதற்படி விளையாட்டுத் திடலில் இருக்கின்றது. 100 மீற்றர் ஓட்டத்தின் முடிவிடத்தில் கைக்கடிகாரத்துடன் நிற்போர், தொடக்கத் துப்பாக்கியின் ஒலியைக் கேட்டு அதனை அமுக்குவதில்லை. புகையைக் கண்டே அமுக்குவர். ஒலி அத்தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.3 செக்கன் செல்லும் அன்றோ? மின்குறியும் இவ்வாறே. அது கம்பியில் ஒரு நனோசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில், 20 சென்ரிமீற்றர் அளவே செல்லும். செக்கனுக்கு 600 கோடி பிற்றுகள் அனுப்பும் வடத்தில் ஒரு பிற்று பிடிக்கும் நீளம் மூன்று சென்ரிமீற்றர் சொச்சந்தான். வடம் ஒரு மீற்றர் நீளமாயின், முதற் பிற்று மறுமுனையைத் தொடுமுன் ஏறக்குறைய முப்பது பிற்றுகள் அதன் பின்னே புறப்பட்டுவிடும்.

பட்டை வடத்தில் 16 கம்பிகள் தரவைச் சுமப்பவை. பதினாறு பிற்றுகளும் ஒன்றாகப் புறப்படும். ஒன்றாக வந்து சேரா. நீளத்திலும் சுமையிலும் உள்ள சிறு வேறுபாடு சிலவற்றைப் பிந்தச் செய்யும். வேகம் குறைவாயின் பிந்தியவற்றுக்காகக் காத்திருக்கலாம். வேகம் மிகுந்தாலோ, பிந்தியது வருமுன் அடுத்த அணி வந்து கலந்துவிடும். இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். தாமதம் தீங்கன்று, எல்லாம் ஒரே அளவு தாமதித்தால் எவருக்கும் இடரில்லை. ஒவ்வாத தாமதமே தீங்கு.

ஆகவே பலரை விடுத்து ஒருவரையே அனுப்பினர் பொறியியலாளர். ஒவ்வொரு திசைக்கும் ஓரிணைக் கம்பி போதும் என்றாயிற்று. ஆனால் புதிய இடர் ஒன்று எழுந்தது. வரும் பிற்றை எக்கணத்தில் வாசிப்பது? நேரத்தை அறிவிக்கத் தனிக்கம்பி வைத்தால், ஒவ்வாத தாமதம் மீண்டும் புகும். இருபுறமும் தனித்தனிக் கடிகாரம் வைக்கலாமோ எனின், அதுவும் ஆகாது. பதினாயிரத்தில் ஒரு பங்கு வேறுபடும் இரு கடிகாரங்கள் நாளொன்றில் ஏறக்குறைய ஒன்பது செக்கன் விலகும். வீட்டுக்கு அது பெரும் பிழையன்று. ஆனால் இவ்வடத்திலோ, ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் இரண்டு பங்கு கழியுமுன்னரே ஒரு பிற்று தவறிவிடும்.

தீர்வு நம் கச்சேரிகளிலேயே உண்டு. பாடகர் பாடப் பாட, கேட்பவர் கை தொடையில் தாளமிடுகின்றது. தாளத்தை எவரும் தனியே அனுப்பவில்லை. அது பாட்டினுள்ளேயே வருகின்றது. அவ்வாறே மின்குறி ஏறியிறங்கும் ஒவ்வொரு திருப்பத்தையும் நோக்கி, வாங்கும் கருவி தன் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். ஆயின், நெடுநேரம் அசையாது நீளும் ஒரே சுரத்தில் கை தடுமாறும். பூச்சியங்களே தொடர்ந்து வந்தாலும் அவ்வாறே. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த விட்மர், பிரனசெக் ஆகிய இருவர் 1983இல் இதற்கொரு முறையை வெளியிட்டனர். எட்டுப் பிற்றுகளைப் பத்தாக மாற்றி, ஐந்துக்கு மேல் ஒரே குறி தொடராதபடி அவர்கள் அமைத்தனர். சீரியல் ஏ.ரி.ஏ. கையாள்வதும் இம்முறையையே. அனுப்புவதில் ஐந்திலொரு பங்கு இதற்கே செலவாகின்றது. அதனை வீணென்று சொல்வாரில்லை.

இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் என் தொழிலை எண்ணாதிருக்க என்னால் முடிவதில்லை. நாற்பது நிமிடமும் ஒரே குரலில் ஓடும் பாடத்தில், பின் வாங்கில் இருக்கும் பிள்ளையின் கை எங்கோ தாளம் தப்பிவிடுகின்றது. எங்கே தப்பியது என்பது அவனுக்கே தெரியாது. இடையில் ஒரு வினா, ஒரு படம், சற்று மௌனம் ஆகியவையே அவன் பற்றிக்கொள்ளும் திருப்பங்கள். “பாடத்திட்டம் முடியாதே” என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நாற்பதில் ஐந்திலொரு பங்கு எட்டு நிமிடம். அதனை நான் மனமுவந்து கொடுத்து வருகின்றேன்.

பெற்றோர் கூட்டங்களில் “எங்கள் பிள்ளை மந்தம், சேர்” என்று பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே சொல்வோர் உளர். கேட்டவுடன் விடை வரவில்லை என்பதே அவர்கள் காட்டும் சான்று. பிந்தி வரும் விடை பிழையான விடையன்று. அது வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதைச் சுவர்க் கடிகாரம் சொல்லாது. அண்டை வீட்டுப் பிள்ளையும் சொல்ல மாட்டான். அப்பிள்ளையின் முகத்தையே பார்த்திருந்து அறிதல் வேண்டும்.