மழைமானியும் வாரயிறுதிப் பனியும்

நீண்ட நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இம்முறை பாடநூலைப் பற்றி அன்று. ஒரு நெகிழிப் புட்டியைப் பற்றி.

சென்ற அக்டோபரில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு மழைமானி செய்தேன். ஒன்றரை லிட்டர் புட்டியின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்தோம். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கற்களை இட்டு, சமமாகும் வரை நீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடிட்டோம். கொடிக்கம்பத்திற்கு அருகே, கூரையும் மரக்கிளையும் மறைக்காத இடத்தில் அதனை நிறுத்தினோம். நாள்தோறும் காலையில் அளந்தவுடன் கோடு வரை கொட்டிவிட வேண்டும். நீருக்குள் கொசுப்புழு தென்பட்டால் முழுவதும் கொட்டி மாற்ற வேண்டும். ஏடிஸ் கொசுவை நாமே வளர்த்தால் சுகாதாரத் துறைக்கு யார் பதில் சொல்வது?

குறிப்பேட்டில் மூன்று பத்திகள். முதலாவதில் மலேசிய வானிலை ஆய்வுத் துறை நம் வட்டாரத்திற்குக் கூறிய முன்னறிவிப்பு. இரண்டாவதில் எங்கள் புட்டியின் அளவு. மூன்றாவதில் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் அருகிலுள்ள நிலையம் காட்டிய அளவு.

இரண்டு வாரங்களில் மாணவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டனர்: "டீச்சர், வானிலைக்காரர்கள் பொய் சொல்கிறார்கள்." பிற்பகலில் இடியுடன் மழை என்று முன்னறிவிப்பு கூறிய பல நாள்களில் புட்டி வறண்டு கிடந்தது. பருவக்காற்று மாறும் காலத்து இடிமழை சில கிலோமீட்டர் அகலமே உடையது. செடெனாக்கில் வெயில் காயும்போதே கூலாயில் சாக்கடை நிரம்பி வழியலாம். மூன்றாவது பத்தியைப் பார்க்கச் சொன்னேன். எங்களுக்குச் சுழியமாக இருந்த நாள்களில் சிலவற்றில் அந்த நிலையத்தில் நன்றாகவே பெய்திருந்தது. அறிவிப்பு ஒரு வட்டாரத்திற்கு உரியது. புட்டியோ ஒரு சாண் அகலம்கூட இல்லாதது.

ஆனால் பொய் வேறோர் இடத்தில் இருந்தது.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் குறிப்பேட்டைக் கண்டு மகிழ்ந்து, 10 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானால் அன்று திடலில் இறங்கக் கூடாது என்று விதி வகுத்தார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஒரு வியாழக்கிழமை குறிப்பேட்டில் 6 என்று இருந்தது. திடலின் ஓரமாக நடந்த என் காலணி சேற்றில் புதைந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். திங்கள், புதன், வெள்ளியில் 22, 31 எல்லாம் உண்டு. உடற்கல்வி உள்ள செவ்வாயிலும் வியாழனிலும் ஒரு நாள்கூடப் பத்தைத் தாண்டவில்லை. இரு முறை 9 என்றிருந்தது! அளக்கும் பொறுப்பில் இருந்தவன் பந்தாட்டத்தில் உயிரை வைத்திருக்கும் பையன்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது பனி. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் ஜின்மன், எரிக் ஜிட்செவிட்ஸ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பனிச்சறுக்கு விடுதிகள் தத்தம் மலையில் எவ்வளவு புதுப்பனி விழுந்தது என்று தாமே அறிவிக்கின்றன. அவ்வறிவிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, வாரநாள்களைவிட வாரயிறுதியில் 23 விழுக்காடு கூடுதலாகப் பனி விழுந்ததாக இருந்ததாம். சுற்றியுள்ள அரசு நிலையங்களின் அளவுகளில் அப்படி ஒரு வேறுபாடு இல்லை. மேகத்திற்குச் சனிக்கிழமை தெரியாது, விடுதிக்காரருக்குத் தெரியும். பிறகு, சறுக்க வந்தவர்களே மலையில் நின்றபடி கண்டதைக் கைப்பேசிச் செயலியில் எழுதத் தொடங்கினர். அலைவரிசை நன்கு கிடைக்கும் விடுதிகளில் மிகைப்படுத்தல் வெகுவாகக் குறைந்ததாக அதே ஆய்வு கூறுகிறது.

பையனை அழைத்துக் கேட்டேன். மறுக்கவில்லை. "கொஞ்சந்தான் டீச்சர் குறைச்சேன்," என்றான். சிரிப்பு வந்தது, ஆயினும் சிரிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2006 டிசம்பரில், பள்ளி விடுமுறையின்போது, கோத்தா திங்கியில் இருந்த என் சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, உங்க பக்கம் மழை எப்படி?" என்று கேட்டார். அவர் கேட்டதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. சாயோங், லிங்கியூ ஆறுகள் உட்பகுதி மழையைச் சுமந்து ஜொகூர் ஆற்றில் சேர்க்கின்றன. அந்த ஆறு கோத்தா திங்கி வழியாகத்தான் கடலுக்குச் செல்கிறது. இங்கே பெய்வதுதான் அங்கே பிறகு ஏறும். அவர் அஞ்சக் கூடாதே என்று, "அடங்கிவிடும் சின்னம்மா, வழக்கமான மழைதான்," என்றேன். அடங்கவில்லை என்பது என் சன்னலிலேயே தெரிந்தது. நானும் கொஞ்சந்தான் குறைத்தேன்.

அந்த வெள்ளம் வரலாறாகிவிட்டது. சின்னம்மா அண்டை வீட்டார் படகில் வெளியேறினார். சித்தப்பாவின் படங்கள், திருமணப் படம் உட்பட, எல்லாம் சேற்றில் போயின. 2007 சனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டாவது வெள்ளம் வந்து, மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தபோது, அவர் என்னிடம் கேட்கவில்லை; முதல் நாளே கிளம்பிவிட்டார். அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

இதை அந்தப் பையனிடம் சொன்னேன். தண்டனை எதுவும் தரவில்லை. ஆசையை வகுப்பில் வைத்ததே நாங்கள்தாமே. உடற்கல்வி ஆசிரியர் விதியை நீக்கிவிட்டு, இப்போது தாமே திடலில் நடந்து பார்க்கிறார். அளப்பவர் இருவர் ஆயினர்; ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தாளில் எழுத வேண்டும். அவனையே இருவரில் ஒருவனாக வைத்தேன்.

நவம்பர் இறுதியில் தொடர்மழைக்கான ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலை அவன் தாளில் 61, மாணவியின் தாளில் 60. எதை எழுதுவது என்று கேட்டான். இரண்டையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அவன் நகரவில்லை.

"டீச்சர், கோத்தா திங்கியில் எவ்வளவு?"

கணினியில் பார்த்தோம். அங்கே அந்நேரம் மழை இல்லை. ஆற்று மட்டம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. சபைகூடலுக்கு மணி அடிப்பதற்குள் சின்னம்மாவை அழைத்து, எங்கள் அளவைச் சொன்னேன்.