மன்னிப்புக் கடிதம்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. கோடு போட்ட தாள். நீல மையில், நிமிர்ந்த கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒன்பது வரிகள். கீழே இரண்டு கையொப்பங்கள். ஒன்று மாணவியுடையது, ஆங்கிலத்தில். இன்னொன்று அவள் அம்மாவுடையது, தமிழில். 2023 அக்டோபரில் அந்தத் தாளை நான் எழுதி வாங்கினேன். செய்யாத தவறுக்கு ஒரு பெண்ணை மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. பத்தொன்பது வருடப் பணி. அந்தப் பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கமலா தாஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 1965இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் உள்ள ‘அன் இன்ட்ரொடக்‌ஷன்’ என்ற கவிதை. தான் பேசும் மொழி, அதன் கோணல்களோடு சேர்த்துத் தன்னுடையதே என்று ஒரு பெண் உரிமை கொண்டாடும் கவிதை. ‘ஆங்கிலம் யாருடைய மொழி?’ என்று தலைப்புக் கொடுத்து மூன்று பக்கக் கட்டுரை எழுதிவரச் சொன்னேன். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் அதற்கு 5.

சாட்ஜிபிடி வெளிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. துறையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே எரிச்சல். அச்சில் வார்த்தது போன்ற கட்டுரைகள் வந்து குவிந்தன. ஒரு மாணவன், ‘இதோ நீங்கள் கேட்ட கட்டுரை’ என்று இயந்திரம் சொன்ன முதல் வரியைக்கூட நீக்காமல் அச்செடுத்துக் கொடுத்திருந்தான். ஏமாறுகிறோம் என்ற கோபத்தில் இருந்தபோதுதான், இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடித்துச் சொல்லும் இலவச இணையதளம் ஒன்றைச் சக ஆசிரியர் காட்டினார். கட்டுரையை அதில் ஒட்டினால் போதும், சில நொடிகளில் ஒரு சதவீதம் வரும். ஐம்பதைத் தாண்டினால் எண் சிவப்பாகும்.

அந்த மாணவியின் கட்டுரைக்கு 92 வந்தது. சிவப்பில்.

அவள் கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வகுப்பில் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருவாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே தவிர பேச மாட்டாள். அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். அங்கே வேறு நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள்.

“இத எங்கருந்து எடுத்த?”

“நானேதான் எழுதினேன் மேம்.”

“இந்த வார்த்தையெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“டிக்‌ஷனரி பாத்து எழுதினேன் மேம். ரஃப் நோட்டு ஹாஸ்டல்ல இருக்கு. எடுத்துட்டு வரட்டா?”

“வேணாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்று நினைத்தாலும் என் உடம்பு கூசுகிறது. குற்றம் சாட்டப்பட்டவள் தன் சாட்சியைக் கொண்டுவருகிறேன் என்கிறாள். விடுதி ஐந்து நிமிட நடை தூரம். பார்க்க மாட்டேன் என்றேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்திருந்தது உண்மை. ஆனால் மணிக்காக மறுக்கவில்லை. 92 என்ற எண் கையில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மாவை அழைத்துவரச் சொன்னேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். “எம் புள்ள அப்படிச் செய்யாதுங்க டீச்சர்” என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு, நான் படித்தவள், எனக்குத் தெரியாதா என்று நினைத்தாரோ என்னவோ, மகளைப் பார்த்து, “டீச்சர் சொல்றத கேளு” என்றார். என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தாளும் என் பேனாவும் கொடுத்தேன். நாற்பது நிமிடம் குனிந்த தலை நிமிராமல் அவள் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த அந்தக் கடிதத்துக்குக் கீழே அவள் அம்மா கையெழுத்துப் போட்டார். கட்டுரைக்குச் சுழியம் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து அடுத்த பருவத்தின் கட்டுரைகள் வந்தன. அவளுடையது ஒன்றரைப் பக்கம். கால மயக்கம், ஒருமை பன்மைப் பிழை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத எழுத்துப் பிழைகள். முதல் கட்டுரை இவளுடையது இல்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டேன். அதையும் இங்கே மறைக்கக் கூடாது. பிறகு ஏதோ உறுத்தியது. ஒரு சொல்லை முதலில் சரியாக எழுதி, அடித்து, பக்கத்தில் பிழையாக எழுதியிருந்தாள். அப்படி மூன்று இடங்கள்.

வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்: “தப்பு இருந்தா நீங்க நம்புவீங்கன்னு நெனச்சேன் மேம்.”

அன்று இரவு வீட்டில் அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தேன். என் கண் முன்னால், கைபேசி பைக்குள் இருக்க, என் பேனாவால் எழுதப்பட்ட ஒன்பது வரிகள். அதைத் தட்டச்சு செய்து அதே இணையதளத்தில் ஒட்டினேன். 89 சதவீதம் என்றது. சிவப்பில்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். குற்றம் சாட்டுவதற்கு முன்பு படித்திருக்க வேண்டியவை அவை. இந்தக் கருவிகள் எதையும் கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கின்றன. ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கக் கூடியது என்று கணக்குப் போடுகின்றன. எதிர்பார்த்த சொல்லே தொடர்ந்து வந்தால் இயந்திரம் எழுதியது, அடிக்கடி எதிர்பாராத சொல் வந்தால் மனிதர் எழுதியது என்று கொள்கின்றன. கையில் உள்ள சொற்கள் குறைவாகவும், பிழை வந்துவிடுமோ என்ற பயம் அதிகமாகவும் இருக்கிறவர்கள் எப்படி எழுதுவார்கள்? தெரிந்த பாதையை விட்டு ஓர் அடி விலக மாட்டார்கள். அந்தக் கவனம்தான் இந்தக் கருவியின் கண்ணுக்கு இயந்திரமாகத் தெரிகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருந்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. ஏழில் ஒரு கருவியாவது குற்றம் சாட்டிய கட்டுரைகள் 89. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அதே கருவிகள் பெரும்பாலும் தவறவில்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த 91 கட்டுரைகளையும் சாட்ஜிபிடியிடமே கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். 61 சதவீதம் 12ஐ ஒட்டி இறங்கிவிட்டது. அதாவது அந்தப் பெண் உண்மையிலேயே இயந்திரத்தின் உதவியை நாடியிருந்தால் என்னிடம் தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். தானே எழுதியதால் மாட்டிக்கொண்டாள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குறித்தது. துல்லியம் போதாது என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தான் பயன்படுத்திவந்த கண்டறியும் வசதியை நிறுத்தியது. முந்தைய வருடம் அங்கே மாணவர்கள் கொடுத்த கட்டுரைகள் 75,000. நூற்றில் ஒன்று தவறினாலே 750 பேர் மேல் வீண்பழி விழும் என்று கணக்குச் சொன்னார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு இதழில் வெளியானதும் அதே ஜூலையில்தான். நான் அந்தப் பெண்ணை அழைத்தது அக்டோபரில். எல்லாம் வெளியே வந்திருந்தது. நான் தேடவில்லை.

கருத்துத் திருட்டுச் சோதனைக்கு நாங்கள் பழகியவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அதற்கு விதிகளே வகுத்தது. அந்த மென்பொருள், இந்த வரி இந்த நூலில் இருக்கிறது என்று மூலத்தைக் காட்டும். மாணவர் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். இந்தப் புதிய கருவி எந்த மூலத்தையும் காட்டுவதில்லை. ஓர் எண், அவ்வளவுதான். இரண்டையும் நான் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ‘நான் எழுதினேன்’ என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பார்? ரஃப் நோட்டைக் காட்டலாம். அதைத்தான் அவள் கேட்டாள்.

ஆனால் கருவியின் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்று சிவப்பில் வந்த கட்டுரைகள் நான்கு. மற்ற மூன்றில் இரண்டு, ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்த மாணவிகளுடையவை. வகுப்பில் சரளமாகப் பேசுகிறவர்கள். ஒன்றுக்கு 71, ஒன்றுக்கு 64. ‘இந்தப் பிள்ளைகள் அப்படிச் செய்யாது, கருவி தவறியிருக்கும்’ என்று ஒதுக்கி வைத்தேன். மூன்றாவது, முதல் வரியை நீக்காத அந்தப் பையனுடையது. அவனைத் திருப்பி எழுதச் சொன்னேன். அம்மாவை வரவழைத்ததும் கடிதம் வாங்கியதும் இவளிடம் மட்டும்தான். கருவி தவறக்கூடும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. யாருக்கு அந்தச் சலுகையைக் கொடுப்பது என்பதை நான்தான் தீர்மானித்தேன். தமிழ்வழியில் வந்த, வாய் திறக்காத ஒரு கிராமத்துப் பெண் நன்றாக எழுத முடியாது என்ற எண்ணம் எனக்குள் முன்பே இருந்தது. கருவி அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. அந்த எண் இல்லாவிட்டால் அவளை அழைத்துக் கேட்கக்கூட எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

எதிர்பார்த்தபடி எழுதுவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான். எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிற ஒரு பொதுக் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைத்து, பாடத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் மட்டும் மாற்றி எழுதப் பழக்கித்தான் எத்தனையோ பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேற வைக்கிறோம். ‘மேலும்’, ‘ஆகவே’, ‘முடிவாக’ என்று வாக்கியம் தொடங்கினால் மதிப்பெண் கொடுக்கிறோம். அதே பழக்கத்தோடு கல்லூரிக்கு வந்தால், நீ எழுதவில்லை என்கிறோம்.

ரஃப் நோட்டைப் பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயில் பழைய புத்தகக் கடையில் லிப்கோ அகராதி ஒன்று வாங்கியிருக்கிறாள். கட்டுரையை முதலில் முழுக்கத் தமிழில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே இரண்டு மூன்று ஆங்கில வடிவங்கள். ‘சொந்தம்’ என்ற சொல்லுக்கு நேராக ‘ஓன்’, அடித்து ‘பொசெஷன்’, அதையும் அடித்து ‘பிலாங்’. ஒரு பக்கத்தில், ‘இந்த பாஷைய எனக்கு யாரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டேன்’ என்று பென்சிலில் இருந்தது. அதன் ஆங்கில வடிவம் எனக்கு ஞாபகம் இருந்தது. கட்டுரையில் அந்த வரிக்குக் கீழே நான் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். இவ்வளவு நல்ல வாக்கியத்தை இவள் எழுதியிருக்க முடியாது என்பதற்கு அடையாளமாக.

அகமதிப்பீட்டு மதிப்பெண் அதற்குள் பதிவாகிவிட்டது. மாற்ற முடியவில்லை. அவளிடம் வராந்தாவில் தனியாக மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேம்” என்றாள், பழகிப்போன குரலில். ஆசிரியர் அறையில் நால்வர் முன்னால் குற்றம் சாட்டியவள், மன்னிப்பை மட்டும் ஆள் இல்லாத இடத்தில் கேட்டேன். வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். 2025 ஏப்ரலில் அந்த வகுப்பே படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது எந்தக் கருவியையும் நான் திறப்பதில்லை. கட்டுரை கொடுத்த ஒவ்வொரு மாணவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுகிறேன். தமிழில் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை வைத்து எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலரை என்னால் கண்டுபிடிக்க முடியாமலும் போகிறது. போகட்டும். இன்னொரு முறை ஒரு ரஃப் நோட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அவள் அம்மா ஐந்தாவது வரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று அவருக்குத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இழுப்பறையில் உள்ள தாளோடு சேர்த்து அவருக்கு அனுப்பப் போகிறேன். அம்மா, உங்கள் பெண் பொய் சொல்லவில்லை. பொய்யான கடிதத்தில் உங்களைக் கையெழுத்துப் போட வைத்தவள் நான். அதை நீங்களே கிழித்துப் போடுங்கள். இதன் கீழே இருக்க வேண்டிய கையெழுத்து என்னுடையது.