வில்லன் வரும் பின்னே, கார் வரும் முன்னே

எங்கள் வீட்டில் பாடப்புத்தகத்துக்கெல்லாம் சினிமாப் போஸ்டர்தான் அட்டை. அய்யா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தார். எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு அந்த ஊரில்தான் போஸ்டர் அடித்தார்கள். நிறம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க மிஷினில் முதலில் ஓட்டும் தாள்கள் கழிவுக்குப் போகும். அவற்றில் நாலைந்தை மடித்து, சாப்பாட்டுத் தூக்குவாளியோடு சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். மஞ்சள் மட்டும் விழுந்த தாள், அதன்மேல் சிவப்பு ஏறிய தாள், நீலம் கொஞ்சம் விலகி எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும் தாள். கதாநாயகன் முகத்தைக்கூட அந்தக் கோலத்தில் யாரென்று சொல்ல முடியாது. அடியில் குறுக்காக நீண்டு கிடக்கும் காரை மட்டும் எந்த நிறத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். அது அநேகமாக வில்லனின் காராகத்தான் இருக்கும்.

பிறகு அந்தக் காரை உயிரோடு பார்ப்பது டூரிங் டாக்கீஸில். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய எம்.ஜி.ஆர். படங்கள்தான் திரும்பத் திரும்ப ஓடும். நம்பியார், அசோகன், ஆர்.எஸ்.மனோகர் யாராக இருந்தாலும் முதலில் வருவது கார்தான். போர்டிகோவில் வந்து நிற்கும். கதவு திறக்கும். பளபளவென்று ஒரு பூட்ஸ் கால் மட்டும் தரையில் இறங்கும். அதற்குள் மணலில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு வயிறு கலங்கிவிடும். அந்த நடிகர்கள் பெரிய கலைஞர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே பாதி நடிப்பைக் கார் நடித்து முடித்திருக்கும்.

செவர்லே இம்பாலா, ப்ளைமவுத், டாட்ஜ் என்று பெயர்களை அண்ணன்மார் சொல்லித்தான் கற்றுக்கொண்டோம். அந்த வயதில் நாங்கள் பார்த்திருந்த கார்கள் இரண்டே வகை: முதலாளிமார் வரும் அம்பாசடர், டாக்டர் வைத்திருந்த பியட். அந்த இரண்டையும் வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளமோ என்று எங்களுக்குத் தோன்றிய ஒரே காரில் வில்லன் வந்து இறங்கினான். பின்பக்கம் இரண்டு சிறகு, முன்பக்கம் முழுக்கக் குரோமியம், டயரில் வெள்ளை வளையம்.

வில்லனுக்கு மட்டும் ஏன் அமெரிக்கக் கார் என்பதற்கு அன்றைய நாட்டு நடப்பிலேயே பதில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, கடும் வரி. முன்பே வந்துவிட்ட கார்களும், தூதரகங்கள் கழித்துவிட்ட கார்களுமே கைமாறிக்கொண்டிருந்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1990 வரை இருந்தது. கடத்தல் தங்கம் என்பது ஊரறிந்த பேச்சு. அப்படி ஒரு காலத்தில் ஒருவன் இம்பாலாவில் வந்து இறங்கினால், அவன் யார் என்று வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கியைத் திறந்தால் பிஸ்கட் பிஸ்கட்டாகத் தங்கம் இருக்கும் என்று டிக்கெட் கிழிப்பவருக்கே தெரியும்.

இதே யோசனை வெள்ளைக்காரனுக்கும் வந்திருக்கிறது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ ஜேம்ஸ்பாண்ட் படத்தில் வில்லன் வைத்திருப்பது மஞ்சளும் கறுப்புமான ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் மூன்று. அவன் தங்கத்தைக் காருக்குள் ஒளிப்பதில்லை. காரின் உடம்பையே தங்கத்தில் வார்த்து நாடு விட்டு நாடு கடத்துகிறான். எங்கள் டாக்கீஸில் அந்தப் படம் ஓடியிருந்தால் கைதட்டலில் கூரைத் துணி கிழிந்திருக்கும்.

1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ எங்கள் பக்கம் எப்போது வந்தாலும் கூட்டம். எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே சிலம்பமும் சுற்றுவார். தரையில் உட்கார்ந்து பார்த்த அத்தனை பேரும் வெயிலில் வண்டி மிதித்தவர்கள், தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள். மூன்று சக்கரம் நான்கு சக்கரத்தை ஜெயிப்பதைப் பார்க்கத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். பின்னால் ‘பாட்ஷா’வில் ரஜினி ஆட்டோ ஓட்டியபோதும் அதே சந்தோஷம்தான்.

வில்லன் கார் மலையிலிருந்து உருளும் கட்டத்துக்காக நாங்கள் கண்ணை இமைக்காமல் காத்திருப்போம். விளிம்புவரை வருவது பளபளக்கும் வெளிநாட்டுக் கார். கீழே விழுவது பல படங்களில் ஏதோ ஒரு பழைய வண்டிக் கூடு. பின்விளக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். படம் விட்டு வரும் வழியெல்லாம் அதே தர்க்கம். வாடகைக்கு வாங்கிய காரை எப்படிப்பா உருட்டுவார்கள் என்று அய்யா ஒருநாள் சொன்னபோதுதான் அந்தக் கார்களுக்குச் சொந்தக்காரர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள் என்பது புரிந்தது.

விழுந்த கார் வெடிக்கும். இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கூட்டம் மற்ற ஊர்க் கூட்டம்போல இருக்காது. எங்கள் சித்தி ஃபயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவர். பேரியம் சேர்ந்தால் பச்சை, ஸ்ட்ரான்சியம் சேர்ந்தால் சிவப்பு, அலுமினியப் பொடி என்றால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. இதெல்லாம் எங்களுக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்து மனப்பாடமான சங்கதி. திரையில் ஆரஞ்சு நிறத் தீயும் கரும்புகையும் எழுந்தால், ‘பெட்ரோல்’ என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெறித்தால், ‘மருந்து வச்சிருக்கான்’ என்பார்கள். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். பெண்கள் பக்கம் சத்தமே இருக்காது. சித்தி முந்தானையை எடுத்து என் முகத்தை மூடுவார். வில்லன்தானே சித்தி செத்தான் என்று கேட்டேன். ‘எவனா இருந்தா என்னடா, வெந்துதான சாகுறான்’ என்றார். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்ட செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முந்தானைதான். கார் வெடிக்கும் காட்சியைக் கொண்டாட என்னால் இன்றும் முடிவதில்லை.

வில்லன் காரைக் கையால் தொட்டது ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு மதுரையிலிருந்து திறந்த கார் வரவழைத்திருந்தார்கள். வெள்ளை ப்ளைமவுத். சம்பங்கி மாலையும் சீரியல் பல்புமாக அது தெருமுனையில் திரும்பியபோது நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் உறைந்து நின்றோம். உள்ளே நம்பியார் இல்லை. கோட்டு சூட்டில் வியர்த்து வழியும் எங்கள் பால்பண்ணை மாமா இருந்தார். கூட்டம் சாப்பிடப் போனதும் நான் மட்டும் காரோரம் நின்றேன். டிரைவர் தாத்தா, ‘என்னப்பா, தொட்டுப் பாரேன்’ என்றார். கதவுப்பிடி சுட்டது. உள்ளே ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் பழைய இரும்பும் கலந்த வாசம். இது சினிமாவில் வந்திருக்கா தாத்தா என்றேன். வந்திருக்கு என்று படங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். எந்தப் படத்தின் டைட்டிலிலும் அவர் பெயரோ, காரின் பெயரோ வந்ததில்லை.

1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் வில்லன்கள் அதற்கு மாறினார்கள். நீளமும் அகலமும் மிரட்டத்தான் செய்தன. ஆனால் முதலில் வந்த கான்டெஸாக்களில் இருந்தது அம்பாசடரின் இன்ஜின். ஏற்றத்தில் இழுக்காதுப்பா என்று விருதுநகர் மெக்கானிக் ஒருவர் சொன்ன நாளில் எனக்கு அந்தக் காரின்மேல் இருந்த பயம் போய்விட்டது.

என் கணக்கில் கடைசிப் பெரிய வில்லன் கார் 1994இல் வந்த டாடா சுமோ. அதற்குள் நான் மீசை முளைத்த ஆள். இம்பாலாவைப் பார்த்து நாங்கள் உண்மையில் பயந்ததைவிட ஆசைப்பட்டதுதான் அதிகம். அது எட்டாத உலகத்திலிருந்து வந்தது. சுமோ எங்கள் தெருவிலேயே வந்தது, கட்சிக்கொடி கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டிக்கொண்டு. திரையில் நான்கைந்து சுமோக்கள் புழுதி கிளப்பி வந்து நிற்கும்போது கதவைத் திறந்து இறங்கியவர்கள் எங்கள் பக்கத்து ஊர் ஆட்கள்போலவே இருந்தார்கள். தமிழ் சினிமாவில் மிகப் பயங்கரமான வில்லன் கார் எது என்று என்னைக் கேட்டால் சுமோ என்றுதான் சொல்வேன்.

கான்டெஸா உற்பத்தி 2002இல் நின்றது. அம்பாசடர் 2014இல், சுமோ 2019இல். கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னையில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. பழைய கார்களை அங்கே போய்ப் பார்க்கலாம். இருந்தாலும் வாடகைக்குப் போய் நடித்துவிட்டு வந்த கார்கள் நிறைய, அவை பலவும் சிறு ஊர்களின் கொட்டகைகளில்தான் ஓய்வெடுக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் நின்றால், பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கு முன் அதை ஓட்டியவரைத் தேடிப்பிடித்து, எந்தெந்தப் படத்தில் வந்தது, யாரை ஏற்றிக்கொண்டு வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.